‘ஹேவ்’ என்ற ஒரு சொல்லும் நம் பல கேள்விகளும்

ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ வினைச்சொல் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள்தான் என்பதால் எதைப் பற்றியும் கேட்கலாம்.

கேள்வி: ‘ஹேவ்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது? அகராதியில் ‘பெற்றிரு, கொண்டிரு, உடைத்தாயிரு’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. யாரும் அப்படிப் பேசுவதில்லையே?

பதில்: நல்ல இடத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சுத் தமிழில் அதற்கு ஒரு தனிச்சொல் கிடையாது. அதைத் தேடுவதை விட்டால்தான் இந்த வினை பிடிபடும்.

ஆங்கிலம் உடையவரை எழுவாயாக நிறுத்தி, பொருளை அவர் கையில் கொடுக்கிறது: ‘ஐ ஹேவ் எ பென்.’ தமிழ் பொருளை எழுவாயாக வைத்து, ஆளுக்கு ஓர் உருபை ஒட்டுகிறது. பேனா இருக்கிறது. யாரிடம்? என்னிடம். வினை ‘இரு’ மட்டுமே. மற்ற வேலையெல்லாம் உருபு பார்த்துக்கொள்கிறது.

அந்த உருபும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. எனக்கு இரண்டு அக்கா. எனக்குக் காய்ச்சல். எனக்கு ஒரு சந்தேகம். இங்கெல்லாம் ‘கு’. உறவு, நோய், மனதில் தோன்றுவது போன்றவை நம்மை விட்டுக் கழற்றி வைக்க முடியாதவை. ஆனால் பேனா, சாவி, சில்லறை என்றால் ‘என்னிடம்’. இன்னொருவர் கைக்குப் போகக்கூடிய பொருள் அது. ‘என்னிடம் காய்ச்சல் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் உடனே காதில் உறுத்தும். அறை, கட்டடம் என்றால் ‘இல்’ வருகிறது: இந்த அறையில் இரண்டு ஜன்னல். சொந்தமாக வைத்துப் பராமரிக்கிற பொருள் என்றால் ‘கார் வைத்திருக்கிறார்’. இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘ஹேவ்’ போதும்.

இப்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘எனக்கு ஒரு வேலை இருக்கிறது.’ ‘என்னிடம் ஒரு வேலை இருக்கிறது.’ முதலாவதைச் சொல்பவர் கிளம்பப் போகிறார். இரண்டாவதைச் சொல்பவர் உங்களுக்கு வேலை தரப் போகிறார். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ஹேவ்’ என்றுதான் தொடங்கும். வித்தியாசம் காட்ட ‘டு டூ’, ‘ஃபார் யூ’ என்று பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டும். ஆகவே தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர் முதலில் தமிழ் வாக்கியத்தில் ‘கு’வா, ‘இடம்’மா, ‘இல்’லா என்று பாருங்கள். அந்த உருபு ஒட்டிய ஆளையோ பொருளையோ முன்னால் கொண்டுவந்து ‘ஹேவ்’ போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றுதான் எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். தப்பா?

பதில்: பொது ஆங்கிலத்தில் தப்பு. ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பதே சரி. ‘இங்’ வடிவம் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு. தம்பி இருப்பது ஒரு நிலை. அதே சமயம் ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரிதான், ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுதல், அது செயல். ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்பதும் அப்படியே சரி. உடைமைக்கு ‘இங்’ வேண்டாம், செய்கைக்கு வரலாம். இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘டஸ் ஹி ஹேஸ்’ சரியா, ‘டஸ் ஹி ஹேவ்’ சரியா?

பதில்: ‘டஸ் ஹி ஹேவ்.’ அந்த ‘ஸ்’ ஏற்கெனவே ‘டஸ்’ஸில் வந்துவிட்டது. ‘டிட்’டுக்குப் பிறகும் ‘ஹேவ்’தான், ‘ஹேட்’ வராது.

கேள்வி: ‘நேற்று முடி வெட்டினேன்’ என்பதை ‘ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே’ என்று சொன்னேன். என் வெளிநாட்டுத் தோழி ‘உனக்கே வெட்டத் தெரியுமா?’ என்று ஆச்சரியப்பட்டாள். எங்கே பிசகியது?

பதில்: இலக்கணத்தில் எந்தப் பிசகும் இல்லை. நீங்கள் சொன்னதைத்தான் அவர் புரிந்துகொண்டார்: கண்ணாடி முன் நின்று, கத்தரிக்கோலை எடுத்து, நீங்களே வெட்டிக்கொண்டீர்கள்.

தமிழில் ‘முடி வெட்டினேன்’, ‘வீடு கட்டினேன்’, ‘சட்டை தைத்தேன்’ என்று சொன்னால் கேட்பவர் தானாகவே ‘ஆள் வைத்துச் செய்தார்’ என்று எடுத்துக்கொள்வார். வேண்டுமானால் ‘தைக்கக் கொடுத்தேன்’ என்போம். ஆங்கிலத்தில் யார் கை வேலை செய்தது என்பதை வாக்கியமே சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இந்த அமைப்பு: ‘ஐ ஹேட் மை ஹேர் கட்.’ வரிசையைக் கவனியுங்கள். ‘ஹேட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். வரிசை மாறி ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்று வந்தால் பொருள் தலைகீழ். ‘அதற்கு முன்பே நானே வெட்டியிருந்தேன்’ என்றாகிவிடும். ஒரே ஐந்து சொற்கள், இடம் மட்டும் மாறுகிறது.

இதே அமைப்பு நாம் கேட்டு வாங்காத துன்பத்துக்கும் வரும். ‘ஐ ஹேட் மை பர்ஸ் ஸ்டோலன்’ என்றால் பர்ஸ் திருடு போய்விட்டது. ஆள் வைத்துத் திருடச் சொன்னதாக யாரும் நினைக்கமாட்டார்கள், சூழல் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், ஆளின் பெயரையும் சொல்லவேண்டுமானால் ‘ஐ ஹேட் ஹிம் ரிப்பேர் த சைக்கிள்’. இதில் ‘டு’ வராது. ‘காட்’ போட்டால் மட்டும் ‘காட் ஹிம் டு ரிப்பேர்’.

கேள்வி: ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டும் ஒன்றுதானே?

பதில்: உடன்பாட்டு வாக்கியத்தில் கிட்டத்தட்ட ஒன்று. எதிர்மறையில் மோசமான வித்தியாசம். இதைப் பற்றி நான் எங்கே போனாலும் எச்சரிப்பேன்.

ஆரம்ப காலத்தில் ஓர் இயந்திரத்தின் கையேட்டை ஆங்கிலமாக்கினேன். மூலத்தில் ‘இயங்கும்போது இந்த மூடியைத் திறக்க வேண்டாம்’ என்று இருந்தது. நான் ‘யூ டோன்ட் ஹேவ் டு ஓபன் த லிட்’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த பொறியாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘அப்படியானால் ஆசைப்பட்டால் திறக்கலாமா?’ என்று எழுதி அனுப்பினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் அவசியமில்லை, விரும்பினால் செய்யலாம். ‘மஸ்ட் நாட்’ என்றால் செய்யவே கூடாது. நம் ‘வேண்டாம்’ இரண்டு வேலையும் செய்கிறது. ‘நீங்கள் வர வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்’ என்றால் அவசியமில்லை. ‘அந்தப் பக்கம் போக வேண்டாம்’ என்றால் தடை. ஆங்கிலத்தில் எழுதும் முன் உங்கள் ‘வேண்டாம்’ஐ மாற்றிப் பாருங்கள். ‘வேண்டியதில்லை’ பொருந்தினால் ‘டோன்ட் ஹேவ் டு’. ‘கூடாது’ பொருந்தினால் ‘மஸ்ட் நாட்’. மருந்து, மின்சாரம், இயந்திரம் பற்றி எழுதுபவர்கள் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருளில் ‘ஹேவ் டு’ என்பது பேச்சில் ‘ஹாஃப்டு’ என்று ஒட்டிப் போகும். ‘வ்’ ஒலி ‘ஃப்’ ஆகிவிடும்.

கேள்வி: ஆங்கிலத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்க எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. தேர்வை நடத்துகிறவர்களே மாதிரி வினாத்தாள் வெளியிடுவார்கள், அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: லத்தீனில் ‘ஹபேரே’ என்றாலும் ‘ஹேவ்’ என்றுதானே அர்த்தம். அதிலிருந்துதான் ஆங்கிலச் சொல் வந்ததா?

பதில்: வரவில்லை. ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தியும் இரண்டும் உறவில்லை என்பதுதான் இதில் அழகு.

1822-இல் யாக்கோப் கிரிம் (தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய அதே கிரிம்தான்) ஓர் ஒலி மாற்ற ஒழுங்கை விளக்கினார். லத்தீன் போன்ற மொழிகளில் ‘க’ இருக்கும் இடத்தில் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில் ‘ஹ’ வரும். லத்தீனில் நூறுக்கு ‘கென்தும்’, ஆங்கிலத்தில் ‘ஹன்ட்ரட்’. நாய்க்கு ‘கானிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஹவுண்ட்’. அந்தக் கணக்குப்படி ‘ஹேவ்’ என்பதன் லத்தீன் உறவு ‘க’வில் தொடங்க வேண்டும். அது ‘கபேரே’, அதாவது பிடித்தல், கைப்பற்றுதல். லத்தீன் ‘ஹபேரே’வின் ஆங்கில உறவோ ‘கிவ்’ என்கிறார்கள். கொடுப்பதும் வைத்திருப்பதும் ஒரே வேரிலிருந்து இரண்டு பக்கம் பிரிந்திருக்கின்றன.

ஆக, ‘ஹேவ்’ என்பதன் அடியில் ஒரு மூடிய கை இருக்கிறது. ஸ்பானிய மொழியிலும் உடைமைக்கு இன்று புழங்கும் ‘தெனேர்’, லத்தீனில் ‘பிடித்துக்கொள்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: ஐயா, தமிழில் ‘ஹேவ்’ இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ‘அறிவுடையார் எல்லாம் உடையார்’ என்று குறள் இருக்கிறதே. உடையார் எழுவாயோடு பொருந்துகிறது, ‘எல்லாம்’ செயப்படுபொருள். இது அப்பட்டமான ‘ஹேவ்’ இல்லையா?

பதில்: நீங்கள் காட்டியது வலுவான சான்று. 430-ஆம் குறள். இரண்டாம் அடியில் ‘என்னுடைய ரேனும் இலர்’ என்று எதிர்மறையையும் அதே ஆளோடு பொருத்தியிருக்கிறார். நான் ‘இன்றைய பேச்சுத் தமிழில்’ என்று சொன்னதற்குக் காரணமே இந்த ‘உடை’தான். பழந்தமிழில் உடையவரை எழுவாயாக வைக்கும் சொல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது முழு வினையாக நடக்கவில்லை. உடையேன், உடையாய், உடையான் என்று ஆளுக்கேற்ப மாறும். காலம் காட்டாது. தொல்காப்பியமும் உடைமைப் பொருளில் வரும் இந்த வகையைக் குறிப்பு வினையில்தான் வைக்கிறது. நேற்று இருந்தது, இன்று இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ‘செல்வம் உடையவனாக இருந்தான்’ என்று மறுபடி ‘இரு’விடம்தான் போக வேண்டும். ‘ஹேட்’ என்பதற்கு ஈடாக ‘உடை’யிலிருந்து ஒரு சொல்லைச் செய்து பாருங்கள். ‘உடைந்தான்’ என்றால் அது வேறு சொல், நொறுங்கிவிட்டான்.

கேள்வி: முந்தைய கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான். ‘உடை’ செத்துப்போய்விட்டது என்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறீர்கள்: என்னுடைய, உன்னுடைய, அவருடைய. வினையாக நின்ற சொல் தேய்ந்து வேற்றுமையின் சொல்லுருபாக ஒட்டிக்கொண்டது. ‘உடைமை’, ‘உடையவர்’ என்று பெயராகவும் வாழ்கிறது. ஆங்கிலத்திலும் ‘ஐ ஹேவ்’ என்பது ‘ஐவ்’ என்று ஓர் ஒலியாகத் தேய்ந்திருக்கிறதே, அதே தேய்மானம்தான். உடைமைச் சொற்கள் அதிகம் புழங்குவதால் அதிகம் தேய்கின்றன.

கேள்வி: அப்படியானால் ‘கொள்’? ‘இக்கட்டடம் நான்கு மாடிகளைக் கொண்டுள்ளது’ என்று செய்தியில் எழுதுகிறார்களே, அது ‘ஹேவ்’தானே?

பதில்: ஆமாம், அது ‘ஹேஸ்’தான், தமிழ் உடுப்பு போட்ட ‘ஹேஸ்’. அதனால்தான் எனக்கு அந்த வாக்கியத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ‘இந்தக் கட்டடத்தில் நான்கு மாடி’ என்று மூன்று வயதுக் குழந்தை சொல்லிவிடும். அந்த எளிமையை விட்டுவிட்டு ஏன் ‘மாடிகளைக் கொண்டுள்ளது’ என்று முறுக்க வேண்டும்? ‘அவர் இரண்டு மகள்களைக் கொண்டுள்ளார்’ என்றும் ஒரு தடவை என் மேசைக்கு வந்தது. அவருக்கு இரண்டு மகள்கள், அவ்வளவுதானே.

‘கொள்’ மேல் எனக்குக் கோபமில்லை. ‘ஐந்து தலை கொண்ட நாகம்’ அருமையான தமிழ். பெயரெச்சமாக நின்று ஒரு பெயரைத் தழுவும்போது அது அழகாக உட்காருகிறது. வினைமுற்றாக்கி, ‘ஐ’ உருபும் சேர்த்து, உயிரற்ற பொருளை எழுவாயாக நிறுத்தும்போதுதான் ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. மொழிபெயர்க்கும் தோழர்களே, ‘ஹேஸ்’ஸைப் பார்த்ததும் ‘கொண்டுள்ளது’ என்று விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உங்கள் வாதப்படி, ‘ஹேவ்’ இல்லாதது தமிழின் குறையா?

பதில்: குறை என்று எங்கே சொன்னேன்? ‘ஹேவ்’ இல்லாமல் வாழும் மொழிகள் ஏராளம். தெலுங்கு ‘நாகு உந்தி’ என்கிறது, மலையாளம் ‘எனிக்கு உண்டு’ என்கிறது. இந்தியில் ‘மேரே பாஸ் ஹை’, என் பக்கத்தில் இருக்கிறது. ரஷ்ய மொழியும் ‘என்னருகே இருக்கிறது’ என்ற போக்கில்தான் சொல்லும், அரபும் அதே வழி. ‘ஹபேரே’ வைத்திருந்த லத்தீனிலேயே ‘மிஹி எஸ்த்’, அதாவது ‘எனக்கு இருக்கிறது’ என்ற வழக்கும் இருந்தது. பொருளை மனிதன் பிடித்திருக்கிறான் என்று ஒரு பார்வை, பொருள் மனிதனிடம் வந்து இருக்கிறது என்று இன்னொரு பார்வை. என் மனது இரண்டாவதில்தான் நிற்கிறது. சரி, ‘உடை’ பற்றி இன்னும் ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன், பதில் மேலே உள்ளதுதான். ஆங்கிலத்துக்குத் திரும்புவோம்.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ சரியா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ‘ஐ ஹேவ் எ கார்.’

கேள்வி: ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை வருகிறதே, அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. முதல் ‘ஹேட்’ காலம் காட்டும் துணைவினை, இரண்டாவது முதன்மை வினை. ‘ஷி ஹேட் ஹேட் லன்ச்’ என்றால் ‘சாப்பிட்டிருந்தாள்’. தமிழில் ‘சாப்பிட்டு’, ‘இருந்தாள்’ என்று இரண்டு வேறு சொல் வருவதால் நமக்குக் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது.

கேள்வி: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதினால் ஏன் திருத்துகிறார்கள்? ‘நேற்றே பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாமே?

பதில்: தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஹேவ் சீன்’ என்ற வடிவம் இன்றைக்குச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் இது ‘எழுதப்பட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்ற உடைமை வாக்கியமாகத் தொடங்கி, பிறகு ‘எழுதியிருக்கிறேன்’ ஆனது. கையில் இப்போது இருப்பதைச் சொல்ல வந்த வடிவம் அது. ஆகவே முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போது பொருந்தாது. நேற்று, போன வாரம், 2015-இல் என்று வந்தால் ‘ஐ சா ஹிம்’. நேரம் சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’.

இதையொட்டி இன்னொன்று. ‘அவர் லண்டன் போயிருக்கிறார்’ என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். இப்போது அங்கே இருக்கிறார் என்றால் ‘ஹி ஹேஸ் கான் டு லண்டன்’. எப்போதோ போய்வந்த அனுபவம் உண்டு என்றால் ‘ஹி ஹேஸ் பீன் டு லண்டன்’. எதிரே நிற்பவரிடம் ‘ஹேவ் யூ கான் டு லண்டன்?’ என்று கேட்டால், இதோ நிற்கிறேனே என்பார்.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’?

பதில்: இன்று மூன்றாவது தடவை. நிலை என்றால் ‘இங்’ வேண்டாம். விதி பிடிக்காதவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், இது மறக்காது. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது பிரசவம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ‘இங்’ எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது பாருங்கள். இனி ‘ஹேவிங்’ கேள்வி வந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலதிகாரிக்கு ‘யூ ஹேட் பெட்டர் அட்டெண்ட் த மீட்டிங்’ என்று மரியாதையாக எழுதினேன். அவர் முகம் மாறிவிட்டது.

பதில்: மாறத்தான் செய்யும். ‘ஹேட் பெட்டர்’ என்றால் ‘வந்தால் நல்லது’ என்ற பணிவு இல்லை. ‘ஒழுங்காக வந்துவிடுங்கள், இல்லையென்றால் தெரியும்’ என்ற மிரட்டல் வாடை அதில் உண்டு. மேலே இருப்பவர்களுக்கு ‘இட் வுட் பி குட் இஃப் யூ குட் அட்டெண்ட்’ போன்ற ஒன்றை எழுதுங்கள். ‘ஹேட்’ என்று இருந்தாலும் அது இறந்தகாலம் காட்டாது, பின்னால் ‘டு’வும் வராது.

கேள்வி: ‘லுக்’ என்றாலே போதாதா? ‘ஹேவ் எ லுக்’ எதற்கு?

பதில்: ‘ஹேவ் எ’ சேர்ந்தால் செயல் சின்னதாகிறது, இலகுவாகிறது. ‘வாக்’ என்றால் நடப்பது. ‘ஹேவ் எ வாக்’ என்றால் கொஞ்ச நேரம் ஆசைக்கு நடந்துவிட்டு வருவது. நாமும் ‘ஒரு தூக்கம் போட்டேன்’, ‘ஒரு நடை போய்ட்டு வா’ என்கிறோமே, அதே சுவைதான். எல்லா வினைக்கும் இது வராது. ‘ஹேவ் எ ட்ரிங்க்’ உண்டு, ‘ஹேவ் அன் ஈட்’ கிடையாது. ஏன் என்று அன்னா வியெஷ்பிட்ஸ்கா என்ற மொழியியலாளர் 1982-இல் ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். பிரிட்டனில் ‘ஹேவ் எ ஷவர்’ அதிகம் கேட்கும், அமெரிக்காவில் ‘டேக் எ ஷவர்’. இரண்டும் சரி.

கேள்வி: ‘வுட் ஆஃப் கான்’ என்று ஆங்கிலேயர்களே எழுதுகிறார்களே?

பதில்: அவர்கள் எழுதினாலும் தப்புதான். ‘வுட் ஹேவ்’ வேகமாகச் சொன்னால் ‘வுடவ்’ என்று கேட்கும், காதை நம்பி எழுதிவிடுகிறார்கள். நாம் கண்ணால் படித்துக் கற்றவர்கள், அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ‘அவர் சொல்லியிருக்க வேண்டும்’ என்பதை எப்படி மொழிபெயர்ப்பது?

பதில்: முதலில் தமிழிலேயே முடிவு செய்யுங்கள். சொல்லாமல் விட்டுவிட்டார் என்ற குறை என்றால் ‘ஹி ஷுட் ஹேவ் டோல்ட்’. அவர்தான் சொல்லியிருப்பார் என்ற ஊகம் என்றால் ‘ஹி மஸ்ட் ஹேவ் டோல்ட்’. இரண்டிலும் பின்னால் யாரிடம் என்பது வேண்டும், ‘டோல்ட் ஹெர்’ என்பது போல. முன்னும் பின்னும் உள்ள வரிகள் இல்லாமல் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மொழிபெயர்க்க மாட்டேன். முழுப் பத்தியை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.